16 வயதில் முதல் பிரசவம்: உடற்காயம் பற்றிச் சொல்லப்படுவதில் எது உண்மை?

தாழம்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு 16 வயது. இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைப் பற்றி வீட்டில் அழுதும் திட்டியும் பேசி முடித்துவிட்டோம். அதை இங்கே மறுபடியும் கிளற எனக்கு விருப்பமில்லை. அவள் உடம்புக்குச் சேதமில்லாமல் இந்தப் பிரசவத்தைக் கடப்பது எப்படி என்பது ஒன்றுதான் இப்போது என் கவலை.

வீட்டில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இளம் உடம்பு நன்றாக வளைந்து கொடுக்கும், வலி எடுத்தால் சட்டென்று பிறந்துவிடும் என்பது என் அம்மாவின் கட்சி. அந்தக் காலத்தில் எல்லோரும் இந்த வயதில்தான் பெற்றார்கள் என்பது அவர் காட்டும் ஆதாரம். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவரோ, இந்த வயதில் இடுப்பெலும்பு விரியாது, கீழே கிழிந்துவிடும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், ஆகவே இப்போதே சிசேரியனுக்கு நாள் குறித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு, "சித்தி, அங்கே கிழிஞ்சா மறுபடி ஒட்டுமா?" என்று கேட்டாள். அதற்கு நேர்மையான, முழுமையான பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கர்ப்பத்தை அவள் மறைத்து வைத்திருந்ததால் ஐந்தாம் மாதத்தில்தான் முதல் பரிசோதனை நடந்தது. அப்போது ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம் இதுவரை சரியாக இருக்கிறது. ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியில் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆள் சற்றுக் குள்ளம். வயது குறைவாக இருப்பதால் மட்டும் பிரசவக் காயம் அதிகமாகுமா, சிறுநீர் ஒழுகும் என்பது எந்த அளவுக்கு உண்மை, சிசேரியன்தான் பாதுகாப்பானதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்பனி எழுதியது:

தாழம்பூ அவர்களுக்கு வணக்கம். நான் மகப்பேறு மருத்துவத்தில் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காத ஒரு பெண்ணுக்கு இன்னது செய்யுங்கள் என்று எழுத முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் நடக்கும் வாதத்தில் இரண்டு வேறு காயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதைச் சொல்ல முடியும். அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதி பயம் குறையும், மீதிப் பயம் எதன் மேல் இருக்க வேண்டுமோ அதன் மேல் போய் நிற்கும்.

முதலாவது, கிழிசல். பிறப்பு வாய்க்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி, குழந்தையின் தலை வெளியே வரும்போது கிழிவது. முதல் பிரசவத்தில் சிறிய அளவிலேனும் இது நேராத பெண்கள் குறைவு. தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை, தசை வரை போனால் இரண்டாம் நிலை. இவை பிரசவ அறையிலேயே மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைக்கப்பட்டு, பெரும்பாலும் சில வாரங்களில் நன்றாக ஆறிவிடும். ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத் தசை கிழிந்தால் மூன்றாம் நிலை, மலக்குடலின் உட்சவ்வு வரை போனால் நான்காம் நிலை. இவை இரண்டும் கவனமாகத் தைக்கப்பட வேண்டியவை. அறுவை அரங்குக்கு அழைத்துச் சென்று, முறையான மயக்க மருந்து கொடுத்து, அனுபவமுள்ளவர் தைக்க வேண்டும். இத்தகைய ஆழமான கிழிசலுக்கு முக்கியக் காரணங்கள் முதல் பிரசவமாக இருப்பது, ஆயுதம் (இடுக்கி அல்லது உறிஞ்சு கருவி) போட்டுக் குழந்தையை எடுப்பது, குழந்தையின் எடை 4 கிலோவுக்கு மேல் இருப்பது, குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருப்பது ஆகியவை. வயது குறைவு என்பது இந்தப் பட்டியலில் தனிக் காரணமாக வருவதில்லை. சொல்லப்போனால், நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில், தாயின் வயது கூடக்கூடத்தான் ஆழமான கிழிசல் சற்று அதிகமாகிறது. ஆகவே உங்கள் அம்மா சொல்லும் "வளைந்து கொடுக்கும்" என்பதை மென்தசையைப் பொறுத்தவரை நான் முற்றிலும் மறுக்க மாட்டேன்.

எலும்பின் கதை வேறு. பெண்பிள்ளைகள் பூப்பெய்திய பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் உயரம் வளர்வது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆனால் குழந்தை வெளிவர வேண்டிய இடுப்பெலும்புக் குழியின் வளர்ச்சி மெதுவானது, பதின்ம வயதின் பிற்பகுதி வரை தொடர்வது. அதனால்தான் பார்ப்பதற்கு வளர்ந்த பெண்ணாகத் தெரியும் 13, 14 வயதுச் சிறுமிக்கு, தலை நுழைய இடம் போதாமல் பிரசவம் தடைப்படும் அபாயம் அதிகம். 16 வயதில் அந்த அபாயம் குறைந்திருக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. சிறு வயதில் சத்துக் குறைவாக வளர்ந்தவர்களுக்கும், பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும், உயரம் குறைந்தவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. உங்கள் பெண் எந்த வயதில் பூப்பெய்தினாள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பலரும் கேட்க மறக்கும் கேள்வி அது.

இரண்டாவது காயம் உங்கள் உறவினர் குறிப்பிட்ட சிறுநீர் ஒழுக்கு. அவர் கேள்விப்பட்டது பிரசவ ஃபிஸ்டுலாவாக இருக்க வேண்டும். அது கிழிசலால் வருவது அன்று, நசுங்குவதால் வருவது. தலை இறங்க வழியில்லாமல் இடுப்பெலும்புக்குள் சிக்கிக்கொண்டு, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என வலி நீடிக்கும்போது, தலைக்கும் எலும்புக்கும் நடுவே அகப்பட்ட சிறுநீர்ப்பையின் சுவரும் பிறப்புப் பாதையின் சுவரும் இரத்த ஓட்டமின்றி இறந்துபோகின்றன. பிரசவம் முடிந்து சில நாள்களில் அந்த இறந்த திசு உதிர்ந்து ஓட்டையாகிறது. அதன் வழியே சிறுநீர் இரவும் பகலும் தானாக வடிகிறது. பின்பக்கம் அழுந்தியிருந்தால் மலக்குடலிலும் இதே ஓட்டை விழும். காலுக்குப் போகும் நரம்பு அழுந்தினால் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடக்க நேரிடும். இத்தகைய பிரசவங்களில் குழந்தை பெரும்பாலும் உயிரோடு பிறப்பதில்லை. இவ்வளவு கடுமையாக விவரிப்பதற்கு மன்னிக்கவும். இது நேர்வதற்கு வேண்டியது நீண்ட நேரம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். தடைப்பட்ட பிரசவத்தை உரிய நேரத்தில் கண்டுபிடித்துச் சிசேரியன் செய்யும் வசதி உள்ள இடத்தில் இந்தக் காயம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 16 வயது என்பதால் ஒருத்திக்கு ஃபிஸ்டுலா வருவதில்லை. 16 வயதில், வெளியே தெரிந்தால் அவமானம் என்று வீட்டுக்குள்ளேயே வலியைத் தாங்க வைக்கப்படும்போதுதான் வருகிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு இரண்டு. ஒன்று, இரத்த அழுத்தம். 10 முதல் 19 வயது வரையுள்ள தாய்மார்களுக்கு, அழுத்தம் ஏறுவதை ஒட்டி வரும் பிரசவகால வலிப்பு நோயும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் தொற்றும், 20 முதல் 24 வயதுள்ளவர்களைவிட அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதுவரை அழுத்தம் சரியாக இருப்பது நல்லது, ஆனால் கடைசி இரண்டு மாதங்களில் அது திடீரென ஏறக்கூடும். 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்து இருக்கிறது. அது அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்பது 2002இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. நேரத்தோடு வந்து சேர்ந்தால்தான் அதைக் கொடுக்க முடியும்.

மற்றொன்று ஹீமோகுளோபின். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே சோகை என்று கணக்கு. 9.4 உள்ள பெண்ணுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு இரத்தப்போக்கே ஆபத்தாக முடியலாம். காயம் ஆறுவதும் தாமதமாகும். மாத்திரையைத் தேநீரோடோ பாலோடோ சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடோ சேர்த்து விழுங்காமல் தனியாகக் கொடுங்கள். அடுத்த பரிசோதனையில் எண் ஏறவில்லை என்றால், இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றலாமா என்று நீங்களே கேளுங்கள். ஏழாம் மாதத்தில் அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

மலைச்சாரல் எழுதியது:

மருத்துவர் விரிவாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. இடுப்பெலும்பு போதுமா போதாதா என்பதே நிச்சயமில்லை, பெண்ணும் குள்ளம், பயந்தும் போயிருக்கிறாள் என்னும்போது, முன்கூட்டியே நாள் பார்த்துச் சிசேரியன் செய்துவிட்டால் கிழிசலும் இல்லை, ஓட்டையும் இல்லை, வலியும் இல்லை. தெரிந்தே ஒரு சிறுமியை எதற்காகச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்?

வெண்பனி எழுதியது:

மலைச்சாரல் அவர்களின் கேள்வி பல குடும்பங்களில் எழுவதுதான். உயரத்தை வைத்தோ, எலும்பை அளந்தோ, தலை இறங்குமா இறங்காதா என்று வலி வருவதற்கு முன்னரே உறுதியாகச் சொல்லும் முறை இல்லை. வலியின்போது குழந்தையின் தலை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி வடிவம் மாறுகின்றன, தாயின் இடுப்பு மூட்டுகளும் நெகிழ்கின்றன. ஆகவே கண்காணிப்போடு வலியை முன்னேற விட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான அளவுகோல். முன்னேறவில்லை என்றால் அப்போது அறுவை செய்வதற்குத் தாமதம் கூடாது.

சிசேரியன் வலியில்லாதது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். வலி பிறகு வருகிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, 16 வயதுப் பெண்ணுக்கு வாழ்க்கையில் இன்னும் கருத்தரிக்கும் ஆண்டுகள் பல உள்ளன. கருப்பையில் ஒரு தழும்பு விழுந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் ஆழமாகப் பற்றிக்கொள்வதும், வலியின்போது தழும்பு பிளப்பதும் அபூர்வமாகவேனும் நேரக்கூடியவை. ஒவ்வோர் அறுவைக்கும், நஞ்சுக்கொடி அப்படிப் பற்றிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. அதோடு சோகை உள்ள பெண்ணுக்கு அறுவையின் இரத்த இழப்பும் தொற்றும் சாதாரணமானவை அல்ல. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தாலோ, அழுத்தம் கட்டுக்கடங்காமல் போனாலோ, கண்காணிப்பில் தலை இறங்காமல் நின்றாலோ, தயங்காமல் அறுவை செய்வோம். வயது மட்டும் அதற்குக் காரணமாகாது. என்றாலும், எல்லாவற்றையும் கேட்டு அறிந்த பிறகும் அந்தப் பெண் அச்சத்தால் அறுவையையே விரும்பினால், அந்த விருப்பத்தை மருத்துவர் அலட்சியப்படுத்தக் கூடாது. அது தனியே அமர்ந்து பேச வேண்டிய ஒன்று.

பழைய செவிலி எழுதியது:

தாழம்பூ, நான் பிரசவ அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். நோய்களைப் பற்றி மருத்துவர் சொல்லிவிட்டார். அறைக்குள் நடப்பவற்றைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தடுக்கக்கூடிய கிழிசல்களில் பல அங்கேதான் உண்டாகின்றன.

சின்னப் பெண்கள் வலிக்குப் பயப்படுவதைவிடத் திட்டுக்குப் பயப்படுவார்கள். "அப்போ இனிச்சுது, இப்போ வலிக்குதா" என்ற சொல்லை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அப்படிப் பேச்சு வாங்கிய பெண் உடம்பை இறுக்கிக்கொள்வாள், சிறுநீர் முட்டுகிறது என்றுகூடச் சொல்ல மாட்டாள், பரிசோதனைக்குக் காலை விரிக்க மறுப்பாள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவளைப் பிடித்து அழுத்துவார்கள். ஆகவே பிரசவத்தின்போது அவளுக்கு வேண்டிய ஒருவர் உடனிருக்க அனுமதிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். யார் உடனிருக்க வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். வலியின்போது துணை ஒருவர் இருப்பது இயல்பான பிரசவத்துக்கு உதவுகிறது என்பது உணர்ச்சிப் பேச்சு அல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையே அதுதான்.

கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கும். அதிலிருந்து முழுவதும் திறப்பதற்கு முதல் பிரசவத்தில் பொதுவாகப் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முழுவதும் திறந்த பின் குழந்தை பிறக்க 3 மணி நேரம் வரை ஆகலாம். இந்தக் கணக்கைத் தாளில் குறித்துக்கொண்டே வருவார்கள். நீங்கள் வெளியே காத்திருப்பவராக இருந்தாலும், எவ்வளவு திறந்திருக்கிறது, தலை இறங்குகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. நேரம் தாண்டுகிறது, ஆனால் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்றால், பெரிய மருத்துவரை அழையுங்கள் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் தலை இறங்குவதும் தடைப்படும், பையும் நசுங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது அவளை எழுப்பிக் கழிக்கச் சொல்லுங்கள். பிறந்த பின்னும் ஆறு மணி நேரத்துக்குள் அவள் சிறுநீர் கழித்தாளா என்பதைக் கவனிக்க வேண்டும். தையல் எரியும் என்ற பயத்தில் அடக்கிவைத்து, பை மரத்துப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

முழுவதும் திறப்பதற்கு முன்னால் முக்கச் சொல்லக் கூடாது. திறந்த பின்னும், மூச்சை அடக்கி முகம் சிவக்க முக்கு என்று விரட்டாமல், அவளுக்கே உந்துதல் வரும்போது முக்க விடுவதுதான் முறை. வயிற்றின் மேற்புறத்தில் கையையோ முழங்கையையோ வைத்துக் கீழ்நோக்கி அழுத்துவதை யார் செய்தாலும் தடுங்கள். அது பரிந்துரைக்கப்படாத செயல், உள்ளே எதையும் கிழிக்கக்கூடியது. தலை தெரியத் தொடங்கியதும் வெதுவெதுப்பான ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடித்து, ஒரு கையால் தலையின் வேகத்தைத் தாங்கி, "இப்போ முக்காதேம்மா, வாயைத் திறந்து ஊது" என்று சொல்லித் தலையை மெல்ல மெல்ல வெளியே விட வேண்டும். அந்த ஓரிரு நிமிடப் பொறுமைதான் தோல் கிழிசலுக்கும் தசைக் கிழிசலுக்கும் உள்ள வேறுபாடு.

முதல் பிரசவம் என்றாலே கத்தரிக்கோலால் வெட்டுவது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. எல்லோருக்கும் வெட்டுவது தேவையற்றது. குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தாலோ, ஆயுதம் போட நேர்ந்தாலோ வெட்டுவது வேறு. வெட்டினால், மரத்துப்போகும் ஊசி போட்டு, அவளிடம் சொல்லி, நேர்க்கீழாக இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து வெட்ட வேண்டும். கடைசி வாரங்களில் எண்ணெய் தொட்டு அந்த இடத்தைத் தளர்த்தும் மசாஜ் முதல் பிரசவத்தில் கிழிசலைக் குறைக்கும். ஆனால் அதை அவளே, அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் செய்யட்டும். வேறொருவர் கை வைப்பது இந்த வயதில் நல்லதன்று.

பிறந்து முடிந்ததும், தைப்பதற்கு முன், ஆசனவாயின் வழியே விரலால் தொட்டுப் பார்த்து வளையத் தசை முழுமையாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் விடும்போதுதான், வெளியில் சிறிதாகத் தெரியும் காயத்தின் அடியில் தசை அறுந்து கிடப்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கார்த்திகைப்பூ எழுதியது:

செவிலி அம்மா கடைசியில் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 17 வயதில் முதல் குழந்தையைப் பெற்றேன். நீண்ட நேரம் முக்கியும் வராமல் ஆயுதம் போட்டு எடுத்தார்கள், பிறகு தைத்தார்கள். எந்த அளவுக்குக் கிழிந்தது, எதைத் தைத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் என் மாமியாரிடம்தான் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காற்றை அடக்க முடியவில்லை. மலம் வருகிறது என்று தெரிந்து எழுந்து போவதற்குள் துணி கறைப்படும். நான் மட்டும்தான் இப்படி ஆகிவிட்டேன் என்று நினைத்து, துவைக்கும் துணியை யாரும் பார்க்காத நேரத்தில் அலசி, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். குழந்தை வளர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு வேறு காரணத்துக்காகப் பார்த்த ஒரு மருத்துவர், நேரடியாக, "காற்றோ மலமோ கட்டுப்படாமல் போகிறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன் போலிருக்கிறது, அங்கேயே அழுதுவிட்டேன். மூன்றாம் நிலைக் கிழிசல், தையல் முழுமையாகச் சேரவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முறையாகக் கற்றுக்கொடுத்தார். மலத்தை இறுகாமலும் இளகாமலும் வைத்துக்கொள்ளக் கற்றேன். பெரும்பாலும் சரியாகிவிட்டது, முழுவதும் அல்ல. அடுத்த பிரசவத்துக்கு, என் தசையின் நிலையைச் சோதித்துவிட்டு, சிசேரியன் என்று நானும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

சித்தி என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரசவம் முடிந்த சில வாரங்களில், சிறுநீர், காற்று, மலம், தையல் வலி ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அவளிடம் கேளுங்கள். "எல்லாம் நல்லா இருக்கியா" என்று பொதுவாகக் கேட்டால், நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். மருத்துவ வரலாற்றை விரும்பிப் படிப்பவன். அந்தக் காலத்தில் எல்லோரும் இந்த வயதில்தான் பெற்றார்கள் என்று உங்கள் அம்மா சொல்வதற்கு மட்டும் ஒரு குறிப்பு. பெற்றார்கள், உண்மைதான், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. எகிப்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹென்ஹெனிட் என்ற அரசகுலப் பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலில், குறுகிய இடுப்பெலும்பும் சிறுநீர்ப்பையில் பெரிய ஓட்டையும் இருப்பது 1935இல் விவரிக்கப்பட்டது.

1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் அனார்க்கா என்ற அடிமைப் பெண், 17 வயதில், மூன்று நாள் வலிக்குப் பின் இந்தக் காயத்தை அடைந்தாள். மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அவளுக்கு மயக்க மருந்தில்லாமல் 30 முறை அறுவை செய்து, 1849இல் ஓட்டையை அடைத்தார். லூசி, பெட்சி என்ற இன்னும் இரு அடிமைப் பெண்களின் உடல்களும் அவ்வாறே பயன்படுத்தப்பட்டன. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பதால்தான் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் நின்ற சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது. சிகிச்சை முறை அங்கிருந்து வந்தது என்பதையும், அது வந்த வழியையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

சிசேரியன் பாதுகாப்பானதாகி எல்லோருக்கும் கிடைத்த நாடுகளில் இந்தக் காயம் இருபதாம் நூற்றாண்டில் மறைந்தது. கிடைக்காத நாடுகளில் இன்றும் இருக்கிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ரெஜினால்டு ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியர் 1974இல் இதற்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினர். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2003 முதல் இதை ஒழிக்கும் இயக்கம் ஒன்றை நடத்துகிறது; 2013 முதல் மே 23 இதற்கான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஃபிஸ்டுலா வந்தவர்களுக்கும் ஆயுள் தண்டனை இல்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சிறுநீர்க் குழாயைச் சில வாரங்கள் வைத்திருந்தால் சிறிய ஓட்டைகள் தாமே மூடிக்கொள்வதுண்டு, மற்றவற்றில் பெரும்பாலானவற்றை அறுவையால் அடைத்துவிட முடிகிறது.

தாழம்பூ எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். கார்த்திகைப்பூ அவர்கள் எழுதியதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் மாத்திரையைத் தேநீரோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார். பெண்ணிடம் நானே கிழிசலுக்கும் ஓட்டைக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் படம் வரைந்து விளக்கினேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தான் தனியாகப் பேசலாமா என்று கேட்டாள். என் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. எங்களிடம் சொல்லாததை அங்கே என்ன சொல்லப் போகிறாள் என்கிறார். அனுமதிப்பது சரியா?

வெண்பனி எழுதியது:

அனுமதியுங்கள். பதின்ம வயதுக் கர்ப்பிணியுடன் சிறிது நேரமாவது தனியே பேசுவது எங்கள் பணியின் ஒரு பகுதி; அவளே கேட்காவிட்டாலும் நான் குடும்பத்தினரை வெளியே காத்திருக்கச் சொல்வேன். அவள் விருப்பத்தோடுதான் இது நேர்ந்ததா, இப்போது யாரேனும் அச்சுறுத்துகிறார்களா, வெள்ளைப்படுதலோ எரிச்சலோ இருக்கிறதா, மனம் சோர்ந்து உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்பனவற்றை அம்மாவின் முன்னால் எந்தப் பெண்ணும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். வற்புறுத்தலால் நேர்ந்த கர்ப்பமாக இருந்தால், உள்ளே விரல் வைத்துப் பரிசோதிப்பதே அவளுக்குப் பழைய கொடுமையைத் திரும்ப நிகழ்த்துவது போலாகும். அது தெரிந்தால் நாங்கள் பரிசோதனைகளைக் குறைப்போம், ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுச் செய்வோம், "நிறுத்து" என்று அவள் சொன்னால் நிறுத்துவோம். அவளுடைய பாதுகாப்பு கருதி நாங்கள் வேறு யாரிடமேனும் சொல்லியாக வேண்டிய செய்தியாக இருந்தால், அதையும் அவளிடம் முதலில் சொல்லிவிடுவோம்.

உங்கள் அக்காவிடம், பிரசவ நாளில் தேவைப்படும் முடிவுகளை அப்போது கூடிப் பேச நேரமிருக்காது என்பதையும் சொல்லுங்கள். இரவில் வலி எடுத்தால் எந்த வண்டியில் போவது, இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது, அறுவைக்குக் கையெழுத்து யார் போடுவது என்பவை இந்த மாதமே முடிவாகட்டும். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

பழைய செவிலி எழுதியது:

மருத்துவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை, அடுத்த வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை அவளைக் காட்ட வேண்டும். குழந்தையைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, தையலில் கூடிக்கொண்டே போகும் வலி, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் இரத்தம், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுக்கு அந்த நாள்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. மலம் இறுகாமல் இருக்க மருந்து எழுதிக் கொடுத்தால் வெட்கப்பட்டு விட்டுவிடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். ஆறாவது வாரம் போகும்போது, அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விடுவதற்கான வழியைப் பற்றி அவளே கேட்டுக்கொண்டு வரட்டும். அந்த உரையாடலின்போதும் உங்கள் அக்கா வெளியே அமர்ந்திருப்பது நல்லது.